பிட் மாற்றியதும் வேலை பிழைக்கிறதா? சிறிய சிஎன்சி இயந்திரத்துக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

கணினி சொல்லும் பாதையில் மரத்தைச் செதுக்கும் இயந்திரம்தான் சிஎன்சி. அதில் ஒரு பெயர்ப்பலகைக்குக் குறைந்தது இரண்டு பிட் (வெட்டும் முனை) வேண்டும். பின்னணியை வாரி எடுக்கத் தட்டை முனைப் பிட், எழுத்தைச் செதுக்க வி பிட். ஓரத்தை வளைவாக அறுத்தெடுக்க மூன்றாவதும் தேவைப்படலாம். தானாகப் பிட் மாற்றும் வசதி நம்மிடம் இருக்கும் சிறிய இயந்திரங்களில் இல்லை. ஸ்பனரும் கையுமாகத்தான் மாற்றுகிறோம். கிளிநொச்சியில் என் வேலைத்தளத்திலும், மல்லாவி, மாங்குளம், புதுக்குடியிருப்பு என்று அழைப்பு வந்த இடங்களிலும் நான் பார்த்த பாழான பலகைகளில் பெரும்பாலானவை பிட் மாற்றியதற்குப் பிந்திய முதல் நிமிடத்தில் பாழானவை. நல்ல முதிரைப் பலகை ஒன்றைத் தேடி எடுக்க எத்தனை நாள் அலைய வேண்டும் என்பது மரக்காலைக்குப் போய் வந்தவருக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்பவை ஜிஆர்பிஎல் 1.1 என்ற கட்டுப்பாட்டு மென்பொருள் ஓடும் இயந்திரங்களுக்கானவை: 3018 வகையும், மர ரவுட்டரைப் பூட்டிய சற்றுப் பெரிய வகையும். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன்; கணினியில் இடும்போது அதற்குரிய ஆங்கில எழுத்தை இடுங்கள்.

எதைத் தொடுவதற்கும் முன் ஒன்று. ரவுட்டரைச் சுவிட்சில் நிறுத்தினால் போதாது, பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். கழற்றிய பிளக் உங்கள் கண்ணுக்கு முன் மேசையில் கிடக்க வேண்டும். கட்டுப்பாட்டுப் பெட்டியின் மின்சாரம் மட்டும் இருக்கட்டும். அதை நிறுத்தினால் இயந்திரம் தான் நின்ற இடத்தை மறந்துவிடும்.

அறிகுறி 1: பிட் மாற்றியபின் ஆழம் தவறுகிறது

அதிகம் வரும் பிழை இதுதான். இயந்திரத்துக்குப் பிட்டின் முனை எங்கே இருக்கிறது என்பது தெரியாது. நீங்கள் கடைசியாகப் பூச்சியம் (உயரத்தை அளக்கத் தொடங்கும் புள்ளி) வைத்தபோது முனை இருந்த இடத்தையே அது நம்பிக்கொண்டிருக்கிறது. புதிய பிட் 4 மில்லிமீற்றர் நீளமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் 4 மில்லிமீற்றர் ஆழமாக இறங்கும். குட்டையாக இருந்தால் மரத்துக்கு மேலே காற்றைச் செதுக்கும். எந்தப் பக்கம் தவறியது என்பதைப் பார்த்துக் கீழே பிரிந்து செல்லுங்கள்.

*ஆழமாக இறங்குகிறது*

முதலில் உங்களையே கேளுங்கள்: பிட் மாற்றியபின் இசட் (மேல்-கீழ் அச்சு) பூச்சியத்தை மறுபடி வைத்தீர்களா? வைக்கவில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டாம்.

வைத்தீர்கள் என்றால், எங்கே வைத்தீர்கள்? மல்லாவியில் ஒரு தம்பி சனசமூக நிலையத்துக்குப் பலகை செய்தார். முதல் பிட் பலகையின் முகம் முழுவதையும் 1.5 மில்லிமீற்றர் சீவிவிட்டது. பிறகு வி பிட்டைப் பூட்டி, சீவிய முகத்தில் கவனமாகக் கடதாசி வைத்து, முனை அதைப் பிடிக்கும் வரை இறக்கித் தொட்டுப் பூச்சியம் வைத்தார். வெட்டும் பாதையைச் சொல்லும் கணினிக் கோப்போ சீவுவதற்கு முந்திய முகத்தையே பூச்சியமாகக் கொண்டிருந்தது. எழுத்துகள் எல்லாம் 1.5 மில்லிமீற்றர் கூடுதலாக இறங்கி, 'ண'வின் சுழிகள் உடைந்து ஒன்றோடொன்று கலந்துவிட்டன. "அண்ணை, நான் சரியாகத்தானே தொட்டேன்" என்றார். தொட்டது சரி, தொட்ட இடம் பிழை. முதல் பிட் வெட்டிய எந்த முகத்திலும் இரண்டாவது பிட்டுக்குப் பூச்சியம் வைக்காதீர்கள்.

அடுத்தது தொடுதகட்டின் (பிட் பட்டதும் இயந்திரத்துக்கு அறிவிக்கும், வயர் பூட்டிய உலோகத் தகட்டின்) தடிப்பு. மென்பொருளில் எழுதிய தடிப்பு உண்மைத் தடிப்பைவிடக் கூடினால் பிட் அந்த வேறுபாட்டளவு ஆழமாகப் போகும். குறைந்தால் மேலே நிற்கும். பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பாமல் வேணியர் இடுக்கியால் நீங்களே அளந்து எழுதுங்கள்.

*மேலோட்டமாகக் கீறுகிறது, அல்லது தொடவே இல்லை*

மேலே சொன்னவற்றின் மறுபக்கம்தான். கூடவே இன்னொன்றையும் பாருங்கள்: பலகை மேசையில் படிந்து கிடக்கிறதா? ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த கொட்டிலில் கிடந்த பலகை நடுவில் குழிந்தோ ஓரத்தில் தூக்கியோ நிற்கும். மூலையில் பூச்சியம் வைத்து நடுவில் செதுக்கினால் வி பிட் அதை மன்னிக்காது. 60 பாகை வி பிட்டில் ஆழம் 0.3 மில்லிமீற்றர் மாறினால் கோட்டின் அகலம் ஏறக்குறைய 0.35 மில்லிமீற்றர் மாறும். 90 பாகையில் 0.6. தமிழ் எழுத்தில் இது முதலில் தெரியும் இடம் மெய்யெழுத்தின் புள்ளி. 'இல்லம்' என்று செதுக்கினால் 'ல்'லின் புள்ளியும் 'ம்'மின் புள்ளியும் ஊசி குத்திய தடம்போல் ஆகிவிடும், 'இலலம' என்று வாசிக்க நேரும். நான் வி பிட் ஓட்டும்போது முதலில் பார்ப்பது அந்தப் புள்ளியைத்தான். அது சரியான பருமனில் விழுந்தால் மீதி எழுத்தும் சரியாக வரும்.

*தொடக்கத்தில் சரி, போகப்போக ஆழம் மாறுகிறது*

இது பூச்சியத்தின் பிழை அல்ல, ஏதோ வழுகுகிறது. பிட்டின் தண்டு, அதை இறுக்கிப் பிடிக்கும் கொலட்டின் வாயில் நுழையும் இடத்தில் நிரந்தர மையால் ஒரு மெல்லிய வளையம் வரைந்து ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். வளையம் கீழே இறங்கியிருந்தால் கொலட் பிடிக்கவில்லை. அறிகுறி 5-க்குப் போங்கள். தூளை மேலே தள்ளும் சுருள் பிட்டுகள் தம்மைத் தாமே மரத்துக்குள் இழுத்துக்கொள்ளும், அதனால் வழுகல் பெரும்பாலும் கீழ்நோக்கியே நடக்கும்.

வளையம் அசையவில்லை என்றால் இசட் அச்சின் மோட்டரையும் திருகுதண்டையும் இணைக்கும் கப்ளிங்கைப் பாருங்கள். அதன் பக்கத்தில் உள்ள சிறிய அலன் திருகு தளர்ந்திருக்கும். இறுக்கியபின் இசட்டை 10 மில்லிமீற்றர் மேலே ஏற்றி மீண்டும் இறக்குங்கள். அதே இடத்தில் கடதாசியைப் பிடிக்க வேண்டும்.

*இந்த அறிகுறி திரும்ப வராமலிருக்க*

ஆழப் பிழையை அடியோடு நிறுத்தியது ஒரே ஒரு பழக்கம்தான்: மேசையில் எந்தப் பிட்டும் ஒருபோதும் வெட்டாத ஓர் இடத்தை ஒதுக்கிவைத்தேன். மேசையின் பின் மூலையில் உள்ளங்கையில் பாதி அளவுள்ள அலுமினியத் துண்டு ஒன்றைத் திருகிப் பூட்டியிருக்கிறேன். அது கழறக் கூடாது, ஆடக் கூடாது, அதன்மேல் கிளாம்ப் ஏறக் கூடாது.

முதல் பிட்டை மரத்தின் முகத்தில் வழக்கம்போலத் தொட்டு இசட் பூச்சியம் வையுங்கள். வெட்டத் தொடங்கும் முன், அதே பிட்டை அலுமினியத் துண்டின் மேல் கொண்டுபோய்க் கடதாசி பிடிக்கும் வரை மெல்ல இறக்குங்கள். திரையில் இசட் என்ன காட்டுகிறது? −11.40 என்று வைத்துக்கொள்வோம். அதைப் பென்சிலால் பலகையின் கழிவு ஓரத்திலேயே எழுதுங்கள். தாளில் எழுதினால் தாள் தொலையும். முதல் கோப்பு முடிந்து பிட்டை மாற்றியதும் மரத்தை எட்டிப் பார்க்கவே வேண்டாம். நேரே அலுமினியத் துண்டுக்குப் போய்த் தொட்டு, "ஜி10 எல்20 பி1 இசட்-11.40" (G10 L20 P1 Z-11.40) என்று இடுங்கள். முடிந்தது. மரத்தின் முகம் சீவப்பட்டாலும் முழுவதும் வாரப்பட்டாலும் கவலையில்லை. பழைய முகம் இருந்த அதே உயரத்தில் பூச்சியம் நிற்கும். எல்லைச் சுவிட்ச் (அச்சின் முடிவை இயந்திரத்துக்கு உணர்த்தும் சுவிட்ச்) இல்லாத 3018-இலும் இது வேலை செய்யும்.

இரண்டு முறையும் ஒரே விதமாகத் தொட வேண்டும். முதல்முறை கடதாசி என்றால் இரண்டாம்முறையும் அதே கடதாசி. முதல்முறை தொடுதகடு என்றால் இரண்டாம்முறையும் அதே தகடு. அப்படிச் செய்தால் இந்தத் துண்டில் தகட்டின் தடிப்பு கணக்கிலேயே வராது.

அறிகுறி 2: பிட் மாற்றும் இடத்தில் நிற்கவில்லை, அல்லது பிழை காட்டி நிற்கிறது

*எரர் 20 என்று வருகிறது*

கோப்பில் எம்6 என்ற பிட் மாற்றும் கட்டளை இருக்கிறது. ஜிஆர்பிஎல் 1.1 அதை ஏற்காது. இயந்திரத்தில் கோளாறு எதுவும் இல்லை. கோப்பைச் சாதாரண எழுத்துக் கோப்பாகத் திறந்து எம்6 எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்.

*நிற்காமல் பழைய பிட்டுடனேயே தொடர்கிறது*

இதுதான் ஆபத்தான வகை. சில அனுப்பும் மென்பொருள்கள் எம்6-ஐக் கண்டால் தரித்து நின்று உங்களைக் கேட்கும், சில அதை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். உங்களுடையது எந்த வகை என்று தெரியாமல் மரத்தின் மேல் சோதிக்காதீர்கள். இசட்டை நன்றாக மேலே தூக்கி வைத்து அங்கேயே பூச்சியம் வைத்து, ஸ்பின்டிலை (பிட்டைச் சுழற்றும் மோட்டரை) நிறுத்திக் காற்றில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே: ஒரு பிட்டுக்கு ஒரு கோப்பு. வடிவமைக்கும் மென்பொருளில் ஒவ்வொரு பிட்டின் பாதையையும் தனித்தனியே சேமியுங்கள். கோப்பின் பெயரிலேயே வரிசை எண்ணையும் பிட்டையும் எழுதுங்கள்: "1 வாருதல் 6மிமீ", "2 எழுத்து வி60", "3 ஓரம் 3மிமீ". ஒரே கோப்பில் எல்லாவற்றையும் அடக்கிவிட வேண்டும் என்று பலரும் ஆசைப்படுகிறார்கள். இந்த அளவு இயந்திரத்தில் அந்த ஆசையால் ஒரு பயனும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

அறிகுறி 3: நின்றது, ஆனால் இப்போது இசட்டை நகர்த்த முடியவில்லை

கோப்பில் எம்0 என்ற தரிப்புக் கட்டளை போட்டிருக்கிறீர்கள். அந்தத் தரிப்பில் ஜிஆர்பிஎல் நகர்த்தும் கட்டளையையோ தொட்டறியும் கட்டளையையோ ஏற்காது. "தொடர்" என்பதை மட்டுமே எதிர்பார்த்திருக்கும். தொடர்ந்தால் புதிய பிட் பழைய பூச்சியத்துடன் இறங்கும். பிட்டைச் சரியாக அதே நீளத்தில் பூட்டிவிடலாம் என்று கண்ணளவில் முயலாதீர்கள். அனுப்புவதை நிறுத்திவிட்டு, மேலே சொன்னபடி கோப்பைப் பிரியுங்கள்.

அறிகுறி 4: ஆழம் சரி, ஆனால் எழுத்து பக்கவாட்டில் விலகி நிற்கிறது

வாரிய பள்ளத்தின் நடுவில் வர வேண்டிய எழுத்து 1 அல்லது 2 மில்லிமீற்றர் தள்ளி விழுகிறது. காரணம் பெரும்பாலும் உங்கள் கைதான். ஸ்பனரைத் திருகும்போது தலை முழுவதும் நகர்ந்துவிட்டது.

முதல் சோதனைக்கு அரை நிமிடம் போதும். இயந்திரம் சும்மா நிற்கும்போது தலையை விரலால் மெல்லத் தள்ளுங்கள். இலகுவாக நகர்ந்தால் மோட்டர்கள் பூட்டப்படவில்லை. ஜிஆர்பிஎல்லின் தொடக்க அமைப்பில் $1=25 என்று இருக்கும்; அதாவது அசைவு நின்று 25 மில்லிசெக்கனில் மோட்டர்கள் பிடியை விட்டுவிடும். $1=255 என்று மாற்றுங்கள், பிறகு ஏதாவது ஓர் அச்சைச் சிறிது நகர்த்துங்கள். அதிலிருந்து மோட்டர்கள் பிடித்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் சூடாகும், அது இயல்பு. வேலை முடிந்ததும் பெட்டியின் மின்சாரத்தை நிறுத்த மறக்காதீர்கள்.

பிடி இருந்தும் விலகுகிறது என்றால் நீங்கள் ஒரே ஸ்பனரால் திருகுகிறீர்கள். இரண்டு ஸ்பனர் வேண்டும்: ஒன்று தண்டைப் பிடிக்க, மற்றது நட்டைத் திருக. இரண்டையும் 'வி' போல நெருக்கமாகப் பிடித்து ஒரே கைக்குள் வைத்து நெரித்தால் விசை தலைக்குப் போகாது, இரண்டு ஸ்பனருக்கும் இடையிலேயே முடிந்துவிடும். இதைப் பழகச் சில நாள் பிடிக்கும், பழகுங்கள்.

அப்படியும் விலகினால் பட்டியின் இழுவையையும் கப்ளிங் திருகுகளையும் சோதியுங்கள். பலகையே நகர்ந்துவிட்டதா என்பதையும் பாருங்கள். பாலை மரம்போன்ற கடும் மரத்தில் பருத்த பிட் இழுக்கும்போது இரண்டே கிளாம்ப் போதாது.

அறிகுறி 5: பிட் வழுகுகிறது, அதிர்கிறது, ஓரம் பிசிறாக வருகிறது

தண்டின் அளவை முதலில் பாருங்கள். கடையில் "3 மில்லிமீற்றர்" என்று தரும் பிட்டுகள் பலவற்றின் தண்டு 3.175, அதாவது எட்டில் ஓர் அங்குலம். அதற்கு 3.175 கொலட்தான் வேண்டும். அதேபோல 6-உம் 6.35-உம் வேறு வேறு. கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும், வேணியர் இடுக்கிக்குத் தெரியாமல் போகாது.

அடுத்து, கொலட்டைப் பூட்டிய விதம். ஈஆர்11 கொலட்டை ஸ்பின்டிலுக்குள் போட்டு மேலே நட்டைத் திருகுவது பிழை. கொலட்டைச் சற்றுச் சாய்த்து நட்டின் உள்ளே அழுத்துங்கள். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும், விரலிலும் அது தெரியும். கொலட் நட்டில் பூட்டிக்கொண்டபின் இரண்டையும் சேர்த்துத் தண்டில் ஏற்றி, பிட்டை நுழைத்து இறுக்குங்கள். அந்தச் சத்தம் கேட்காமல் இறுக்கினால் கொலட் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும், பிட் வட்டமடித்து ஆடும், கழற்றும்போது கொலட் உள்ளேயே இறுகிக் கிடக்கும். பிட் இல்லாமல் வெறும் கொலட்டை இறுக்கவும் கூடாது, அதன் உருவம் கெட்டுவிடும்.

தண்டு கொலட்டின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்காவது உள்ளே இருக்க வேண்டும். கொலட்டின் கீறல்களுக்குள் மரத்தூள் அடைந்திருந்தால் பழைய பற்தூரிகையால் தட்டித் துடையுங்கள். வேம்பும் தேக்கும் அறுத்த நாளில் தூள் பசைபோல் ஒட்டும். தண்டிலும் கொலட்டிலும் எண்ணெய் பூசாதீர்கள்.

எல்லாம் சரி, புதிய கொலட்டும் போட்டாயிற்று, இன்னும் ஆடுகிறது என்றால் ஸ்பின்டில் தண்டு வளைந்திருக்கலாம் அல்லது பேரிங் தேய்ந்திருக்கலாம். பிளக்கைக் கழற்றிவிட்டுத் தண்டைக் கையால் பக்கவாட்டில் அசையுங்கள். தளர்வு தெரிந்தாலோ, சுற்றும்போது மணல் அரைபடுவதுபோல் உணர்ந்தாலோ இங்கேயே நிறுத்துங்கள். டயல் கேஜ் வைத்திருக்கும் லேத் வேலைத்தளத்துக்கு ஸ்பின்டிலைக் கழற்றிக் கொண்டுபோங்கள். பேரிங்கைச் சுத்தியலால் தட்டி மாற்ற முயன்று தண்டையும் சேர்த்துக் கெடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

அறிகுறி 6: நட் கழறவே இல்லை

கீழிருந்து மேலே பார்த்து இடப்பக்கம் சுற்றுகிறீர்களா என்று உறுதி செய்யுங்கள். தலைக்கு மேலிருந்து பார்ப்பவருக்குத் திசை மாறித் தோன்றும், கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருப்பார். திசை சரி என்றால் துரு இளக்கும் எண்ணெய் ஒரு துளி, ஓர் இரவு பொறுமை. பிறகு நன்றாகத் துடைத்துவிடுங்கள். ஸ்பனரின் மேல் சுத்தியலால் அடிக்காதீர்கள்; அந்த அடி நேரே பேரிங்குக்குப் போகிறது.

அறிகுறி 7: தொடுதகடு வேலை செய்யவில்லை

*அலாரம் 4*

இறங்கத் தொடங்கும் முன்பே தொட்டுவிட்டதாக இயந்திரம் நினைக்கிறது. பிட்டில் மாட்டும் வயரின் கவ்வி தகட்டில் பட்டுக்கொண்டிருக்கும், அல்லது வயரின் தோல் உரிந்து உலோகத்தில் படும். அவை இரண்டும் இல்லையென்றால் $6 அமைப்பு தலைகீழாக இருக்கிறது.

*அலாரம் 5*

சொன்ன தூரம் இறங்கியும் தொடவில்லை. பிட் தகட்டுக்கு வெகு மேலே இருந்து தொடங்கியிருக்கலாம். கிட்டக் கொண்டுவந்து மறுபடி முயலுங்கள். அதுவல்ல, பிட் தகட்டில் போய்க் குத்தியும் நிற்கவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். கவ்வி கழன்றிருக்கும், பிட்டில் பிசின் படிந்திருக்கும் அல்லது வயர் உள்ளே அறுந்திருக்கும். மல்டிமீற்றரால் வயரின் இரு முனைகளையும் தொட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் இறக்குவதற்கு முன் தகட்டைக் கையால் தூக்கிப் பிட்டில் தொட்டுப் பாருங்கள். திரையில் தொடுகை விளக்கு எரிந்தால் மட்டுமே கட்டளையை அனுப்புங்கள். 0.1 மில்லிமீற்றர் முனையுள்ள வி பிட் தகட்டில் ஒருமுறை குத்தினால் அதோடு அதன் ஆயுள் முடிந்தது.

அறிகுறி 8: பிட் மாற்றி ரவுட்டரைப் போட்டதும் கணினித் தொடர்பு அறுகிறது

ரவுட்டரும் மடிக்கணினியும் ஒரே நீட்டிப்பு வயரில் இருந்தால் பிரியுங்கள். மடிக்கணினியைப் பற்றரியில் ஓட்டிப் பாருங்கள். யுஎஸ்பி வயரைக் குட்டையானதாகவும் உறை போட்டதாகவும் மாற்றி, ரவுட்டர் வயரிலிருந்து தள்ளிக் கொண்டுபோங்கள். ரவுட்டரின் காற்றுத் துவாரத்தில் பொறி அதிகம் தெரிந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள்.

இவற்றுக்கும் அடங்கவில்லை என்றாலோ, இயந்திரத்தின் உடலைத் தொடும்போது விரலில் சுருக்கென்று தெரிந்தாலோ, புவித்தொடுப்பு சரியில்லை. நம் பக்கத்தில் ஆடி, ஆவணியில் நிலம் பாளமாக வெடித்துக் காயும்போது புவிக்கம்பியைச் சுற்றிய மண்ணும் காய்ந்து தொடுப்பு மோசமாகும். இதில் கை வைக்காதீர்கள், தகுதியுள்ள மின்னியலாளரை அழையுங்கள். ஸ்பின்டிலை ஓட்டும் இன்வேட்டர் பெட்டியையும் திறக்காதீர்கள்; பிளக்கைக் கழற்றிய பின்னும் அதற்குள் உயிராபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

அறிகுறி 9: பிட் மாற்றும்போது மின்சாரம் போய்விட்டது

மாரி தொடங்கும்போது இடியுடன் மின்சாரமும் போகும். திரும்ப வரும்போது எல்லைச் சுவிட்ச் இல்லாத இயந்திரம் தான் நிற்கும் இடத்தையே புதிய தொடக்கமாக எண்ணிக்கொள்ளும். சேமித்த பூச்சியம் அழியாது, ஆனால் இடம் மாறிப் பொருளற்றதாகிவிடும். சுவிட்ச் உள்ள இயந்திரம் என்றால் ஹோமிங் (சுவிட்சுகளைத் தொட்டுத் தொடக்க இடத்தைக் கண்டுகொள்ளச் செய்வது) செய்தால் போதும், எக்ஸ், வை (இடம்-வலம், முன்-பின் அச்சுகள்) திரும்பிவிடும்.

சுவிட்ச் இல்லாதவர்கள் முன்கூட்டியே ஒன்று செய்ய வேண்டும். வேலை தொடங்கும் முன், எக்ஸ், வை பூச்சியம் பலகையின் கழிவு மூலையில் விழும்படி அமைத்து, அந்த இடத்தில் வி பிட்டால் அரை மில்லிமீற்றர் ஆழத்தில் ஒரு சிறு குழி போடுங்கள். மின்சாரம் வந்ததும் வி பிட்டைப் பூட்டி, கைவிளக்கைத் தாழ்வாகப் பக்கத்திலிருந்து பிடித்து, 0.1 மில்லிமீற்றர் படிகளில் நகர்த்தி முனையை அந்தக் குழிக்கு நேரே கொண்டுவந்து இறக்குங்கள். முனையின் நிழல் குழியின் நடுவில் மறையும்போது எக்ஸ், வை இரண்டையும் பூச்சியமாக்குங்கள். பிறகு ஓட வேண்டிய கோப்புக்குரிய பிட்டைப் பூட்டுங்கள். இசட்டுக்கு மறுபடியும் மூலையிலுள்ள அலுமினியத் துண்டு, பலகை ஓரத்தில் பென்சிலால் எழுதிய அதே எண். பாதியில் நின்ற கோப்பை நடுவரியிலிருந்து தொடங்காமல் முதலிலிருந்து ஓட்டுங்கள்; வெட்டிய இடத்தில் பிட் காற்றில் போகும், வெட்டாத இடம் வந்ததும் மரத்தைப் பிடிக்கும்.